விக்கிரவாண்டியில் நின்ற ரயிலும் பொங்கிய மாவும்

மாவு பொங்க ஆரம்பித்தபோது ரயில் விக்கிரவாண்டியில் நின்றுகொண்டிருந்தது. சிக்னல் கிடைக்கவில்லை.

விழுப்புரத்தில் என் வீட்டில் இட்லி மாவு அரைத்து, திண்டிவனத்தில் ஒரு டிபன் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கடை முன்பு எங்கள் தெருவில் இருந்தது. முதலாளி இடம் மாறிய பிறகும் என் மாவை விடவில்லை. காலையில் அரைத்தால் சாயங்கால டிபனுக்குப் பதமாக வந்துவிடும்.

அந்த வாரம் லைனில் வேலை நடந்ததால் தினமும் ரயில் தாமதம். முந்தின நாள் மாவு புளித்துவிட்டது.

"அக்கா, கஸ்டமர் தட்டோட திருப்பிட்டாருக்கா. இன்னைக்கும் இப்படின்னா நான் பாக்கெட் மாவு வாங்கிக்கிறேன். கோச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

அதனால் வீணானதை ஈடுகட்டலாமென்று இரண்டு தூக்கையும் கழுத்துவரை நிரப்பி, கூட்டத்தில் சிந்தாமலிருக்க மூடியை அழுத்தி மூடினேன். அதுதான் தப்பு.

லேடீஸ் பெட்டியில் காலை நகர்த்த இடமில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள். தூக்குகளைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றேன். புழுக்கம் ஏற ஏற மாவும் ஏறியது. ஒரு மூடி 'டப்' என்று தெறித்தது.

"ஐயோ, என்னா ஆயா இது! யூனிஃபார்ம் புடவை!" என்று கத்தினாள் பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடைப் பெண்.

"மாவும்மா."

"மாவ வச்சிக்கினு இந்தக் கூட்டத்துல ஏன் ஏறுற? பேஜாரு!"

"நம்மளவிட மாவுக்கு அவசரம்டி. இறங்கி நடந்து போவப் போவுது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

கலக்கிவிட்டால் மாவு அமுங்கும், ஆனால் இட்லி கல்லாகிவிடும். விட்டால் தரையில் வழியும். மேல்மாவை மெதுவாக எடுக்க வேண்டும். பாத்திரம்? பெட்டி முழுக்கக் காலி டிபன் பாக்ஸ்தான். ஆனால் இத்தனை வருஷத்தில் உட்கார இடம்கூட நான் யாரிடமும் கேட்டதில்லை. இரண்டாவது மூடியும் மேலே எழும்ப ஆரம்பித்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமலே கேட்டேன்.

"காலி டிபன் பாக்ஸ் இருந்தா குடுங்கம்மா. கடையில கொட்டிட்டுக் கழுவித் தர்றேன்."

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பெண்தான் முதலில் நீட்டினாள்.

"குடுங்கடி ஜல்தியா! இல்லன்னா எல்லாருக்கும் மாவு அபிஷேகம்தான்."

தலைகளுக்கு மேலே பாக்ஸ்கள் வந்தன. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது கருவாடு வச்சது கண்ணு. வேணாம்."

"பாருடி! கேட்டு வாங்குறதுல என்னா ராங்கி ஆயாவுக்கு!" என்றாள் பாக்ஸுக்காரி.

முகம் எரிந்தது. ஆனாலும் வாங்கவில்லை. அந்த வாடை ஒரு ஈடு இட்லியையே கெடுத்துவிடும்.

மேல்மாவை மெதுவாக வழித்து பாக்ஸ்களில் போட்டு, அவரவர் கையிலேயே பிடித்துக்கொள்ளக் கொடுத்தேன். ஒருவழியாக ரயில் கிளம்பியது. மயிலத்தில் இறங்கிய ஒரு பெண் பிளாட்பாரத்தில் நின்று பாக்ஸைத் தூக்கிக் காட்டினாள். "ஆயா, உன் மாவு!"

"ராத்திரிக்கு தோசை ஊத்திக்கோம்மா!" என்றேன். வேறென்ன செய்வது?

திண்டிவனத்தில் மற்றப் பெண்கள் பாக்ஸும் கையுமாக என்னோடு கடைவரை நடந்தார்கள். முதலாளி பயந்துபோனார்.

"என்னாக்கா, ஆளுங்கள இட்டுக்கினு சண்டைக்கா வந்தீங்க?"

நடந்ததைக் கேட்டுவிட்டு, கலைந்துபோன பாக்ஸ் மாவை ஊத்தப்பத்துக்கு ஒதுக்கினார். தூக்கு மாவில் முதல் ஈடு வெந்தது. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"தம்பி, பாக்கெட் மாவு கேட்டிருந்தேன்ல? வேணாம்பா."

லைன் வேலை இன்னும் முடியவில்லை. ரயில் நிற்கத்தான் செய்கிறது, நானும் ஏறத்தான் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தூக்கில் கால்பங்கு காலியாக விடுங்கள். மூடியை அழுத்தாதீர்கள். உதவி வேண்டுமென்றால் மாவு வழிவதற்கு முன்பே வாய் திறந்து கேளுங்கள். திட்டுவார்கள். திட்டிக்கொண்டே கொடுப்பார்கள்.