குத்தூசி போட்டு வாங்கிய கம்ப்யூட்டர்

எனக்கு எழுத்து தெரியாது. நாலைந்து எழுத்தைப் பார்த்தால் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன நோவு என்று முதலில் கண்டுபிடித்தது நான். படித்துவிட்டுத் தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்த ரிப்பேர்காரன் அல்ல. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டுகிறவள் என் மகள். என் பேச்சை அவள் நேராக்கிக்கொள்ளட்டும். இந்த விஷயத்தில் மட்டும் கை வைக்கக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் நாற்பது வருஷம் மூட்டையோடு பழகியவன் நான். முதலில் தலைச்சுமை. பிறகு முதலாளி என் கையில் குத்தூசியைக் கொடுத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முனை கூராக, நடுவில் பள்ளமாக இருக்கும் இரும்பு அது. மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் ஒரு கை அரிசி அதன் பள்ளத்தில் வந்து நிற்கும். வாயை அவிழ்த்துக் காட்டும்போது மேலே இருப்பது எப்போதும் நல்ல அரிசிதான். நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. நல்லமிளகில் பப்பாளி விதை, துவரையில் சிவப்புக் கல், எல்லாம் அந்த ஊசியில்தான் வெளியே வந்தன. ஒருமுறை ஒரு லாரிச் சரக்கை அப்படியே திருப்பி அனுப்பினேன். டிரைவர் என் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினான். ஏசட்டும் என்று நின்றேன். அது வேறு கதை. விட்டால் அதிலேயே போய்விடுவேன்.

இது இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு நடந்தது. என் மகள், கட்டிக்கொடுத்த இடத்தில் அடி தாங்காமல், ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்திருந்தாள். வந்தவள் அழுதுகொண்டிருக்கவில்லை. மூடப்போன ஒரு டைப்பிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தாள். திருவனந்தபுரத்தில் மலையாளம் தட்டித்தர ஆயிரம் பேர் உண்டு. தமிழ் தட்ட ஆள் குறைவு. ஆரியசாலையில் ஒரு அச்சாபீஸ்காரர் அவளுக்குக் கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ் என்று கொடுக்க ஆரம்பித்தார். அந்த வருஷம்தான் முதல் பெரிய வேலை வந்தது. தமிழ் வியாபாரிகள் சேர்ந்து போடுகிற விழா மலர், நூறு பக்கத்துக்கு மேலே.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்தது. தட்டிக்கொண்டே இருப்பாள், பொட்டென்று இருண்டுவிடும். காத்திருந்து போட்டால் வரும், மறுபடி போகும்.

ரிப்பேர்காரனைக் கூப்பிட்டாள். இந்த ஊர் மலையாளிப் பையன்தான், எங்களோடு பேசிப் பேசிப் பாதித் தமிழ் கற்றவன். வந்தான், சுவிட்சைப் போட்டான், அணைந்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"மதர்போர்டு போயி சேச்சி. புதுசு வாங்ஙுன்னதுதான் நல்லது."

"தொறந்து பாக்கல்லியே தம்பி?" என்றேன்.

"பாக்காமலே தெரியும் அண்ணாச்சி. இது அரிசிச் சாக்கு அல்லல்லோ."

சிரித்துவிட்டுப் போனான். எனக்குக் காது சுட்டது. மூட்டையைத் தொடாமலே விலை சொல்கிறவனை நாற்பது வருஷத்தில் நான் நம்பியதில்லை.

"மக்ளே, புதுசு வாங்காண்டாம். இது எப்பமெல்லாம் நிக்குன்னு நான் பாக்கேன்" என்றேன்.

"பாத்து? எழுதி வைக்கப் போறீங்களா?"

"எழுதத் தெரிஞ்சவன்தான் பாக்கணுமா?"

நாலு டம்ளர் எடுத்து ஜன்னலில் வைத்தேன். காலைக்கு ஒன்று, உச்சிக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று, மழை பெய்தால் ஒன்று. ஒவ்வொரு தடவை அணையும்போதும் அந்த நேரத்து டம்ளரில் ஒரு புளியங்கொட்டை. மகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்த தெருப் பெண்களிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தாள். நான் அசையவில்லை. நாலாம் நாள் டம்ளர்களைக் கவிழ்த்துக் காட்டினேன். உச்சி டம்ளரில் கொட்டை குவிந்திருந்தது. காலையில் ஐந்தோ ஆறோ. மழை டம்ளரில் ஒன்றே ஒன்று.

"இதுக்குச் சூடு தாங்கல்ல. அவ்ளோதான்."

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்குரூடிரைவர் எடுத்து வந்தாள். பக்கத்துத் தகரத்தைக் கழற்றினால், உள்ளே உள்ளங்கை அகலம் ஒரு குட்டி ஃபேன். அதன் இறக்கைகளில் பஞ்சு போலத் தூசி. இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு கோடு, மை தீட்டின கண் மாதிரி. சுற்றவே இல்லை, பாவம். பெயின்ட் பிரஷ் வைத்துத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டோம். சுற்றியது. அன்று உச்சி வெயிலிலும் அணையவில்லை.

இங்கே நிறுத்தினால் எனக்குப் பெருமைதான். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமே.

தகரத்தைத் திரும்ப மாட்ட வேண்டாம் என்று சொன்னது நான். காற்றுப் போகட்டும், சூடு இறங்கட்டும் என்றேன். மூன்று நாள் அப்படியே ஓடியது. நாலாம் நாள் மகள் அச்சாபீஸுக்குப் போகும்போது அணைக்கப் போனாள்.

"அணைக்காத. ரிப்பேர்காரன் இன்னைக்கு இந்த வழியா வருவான்லா? காலைலேருந்து ஓடுகுன்னு காட்டணும்."

"எதுக்குப்பா இந்த வீம்பு?"

"நீ போய்ட்டு வா."

வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு அவன் வருகிற வழியைப் பார்த்தேன். அவன் வரவில்லை. ஐப்பசி மழைதான் வந்தது, ஊரையே தூக்கிக் கவிழ்த்தது போல. மழை விட்டதும் வந்து பார்த்தால், முன்னறையில் தீய்ந்த வாடை. ஓடு ஒன்று விலகி, தண்ணீர் நேராகத் திறந்த பெட்டிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

நோவைக் கண்டுபிடித்தவனும் நான்தான், கொன்றவனும் நான்தான்.

மகள் வந்து பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். ரிப்பேர்காரன் மறுநாள் வந்தான். அவன் சிரித்த சிரிப்பை இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொன்னான்: தட்டி வைத்ததெல்லாம் இருக்கிற ஹார்டு டிஸ்க் நனையவில்லை, புதுப் பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். அதைக் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தான். மகள் அதைப் பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினாள்.

அச்சாபீஸ்காரர் தன்மையான மனுஷன். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் மிச்சப் பக்கம் வராவிட்டால் நாகர்கோவிலுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர் கம்ப்யூட்டரில் மலையாளம் மட்டும்தான். இது எப்படியோ மருமகன் வீட்டுக் காதுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை மருமகனின் அண்ணன் வந்து எங்கள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"மிஷின் போச்சாமே மாமா. அப்போ இனி இங்க அவளுக்கு என்ன சோலி? அனுப்பி விடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

"அடிச்சவன் வரல்லியா?"

"அவன் மாறிட்டான்."

"மாறினவன் வரட்டும். நீ டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

"அடுத்த ஞாயிறு வருவேன். அப்பவும் இப்படித்தான் சொல்றீங்களான்னு பாப்போம்."

கதவுக்குப் பின்னால் மகள் நின்றிருந்தாள். அவளுக்கென்று இந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். கம்ப்யூட்டர் முன்னால் போட்டிருந்த நாற்காலி. அதை நான் இழுத்துத் தள்ளியிருந்தேன்.

திங்கள் காலை இரண்டு பேரும் தம்பானூருக்குப் போனோம். மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. உள்ளே ஏசி, கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று நான் நிற்க, மகள் கையைப் பிடித்து இழுத்தாள். கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டினார். புதுசு, பளபளப்பு. பின்பக்கம் திருகாணி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இதைத் தொறந்து காட்டுங்க" என்றேன்.

"துறக்கான் முடியாது அண்ணாச்சி. சீலு பொட்டிச்சால் வாரண்டி போகும்."

"உள்ள பாக்காம நான் எடுக்க மாட்டேன்."

"உள்ளில் பார்த்து அண்ணாச்சிக்கு எந்து மனசிலாகும்?"

கடையில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் 'பாண்டி' என்று முணுமுணுத்தான். தமிழனை இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல்லை இந்த ஊரில் அரை நூற்றாண்டாகக் கேட்டு என் முதுகு தழும்பேறிப் போனது.

"நாப்பது வருஷம் சாலையில மூட்டை வாங்கினேன். ஒண்ணைக்கூடக் குத்திப் பாக்காம எறக்கினதில்ல. வாயைத் தெச்சிட்டு வெல சொன்னவனுக்க சரக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. தொறங்க."

"மோளே, அச்சனைக் கூட்டிட்டுப் போய் ஒரு சாயா வாங்ஙிக் கொடுக்கு" என்று கடைக்காரர் மகளைப் பார்த்தார்.

மகள் அதுவரை என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவளுக்குக் கூச்சம். அதுவும் கூரையில் ஓடு விலகினதைக் கவனிக்காமல் கம்ப்யூட்டரைக் கொன்ற அப்பன் நான். எனக்கு எந்த வாய் இருக்கிறது? அவள் கை சட்டையை விட்டது. என்னை விட்டுவிட்டு வெளியே போகப் போகிறாள் என்று நினைத்தேன். முன்னால் வந்தாள். கடைக்காரரிடம் அவர் மொழியிலேயே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"துறக்கணும் சேட்டா. இல்லெங்கில் எங்களுக்கு வேண்டா."

கடைக்காரர் அவளை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார். சிரித்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கிட்டே வந்துவிட்டார்கள். இனி திறக்காவிட்டால்தான் அவருக்கு வெட்கம். கத்தியால் ஸ்டிக்கரைக் கீறித் தகரத்தை எடுத்தார்.

பச்சைப் பலகை, கம்பி, வயர். எனக்கு எதுவும் புரியவில்லை, உண்மை. ஆனால் ஒரு மூலையில் குட்டி ஃபேன் இருந்தது. அதை எனக்குத் தெரியும். குனிந்து பார்த்தேன். இறக்கைகளைத் துடைத்திருந்தார்கள், பளிச்சென்றுதான் இருந்தது. ஓரத்தில் மட்டும் மை தீட்டின கண் மாதிரி கறுப்புக் கோடு. விரலால் தேய்த்து, அந்த விரலைக் கடைக்காரர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"புதுசுல எப்டிய்யா அழுக்கு?"

சிரித்தவர்களே என் விரலை எட்டிப் பார்த்தார்கள்.

"அது... டெமோ ஓட்டின பீஸ் ஆயிரிக்கும். ஸ்டாஃபு தப்பா மாத்தி எடுத்துப் போயி."

"சரக்கு மாறிப் போச்சுன்னுதான் அந்தக் காலத்துலயும் சொல்லுவாங்க."

வேறு கடைக்குப் போகலாம் என்றேன். மகள் வேண்டாம் என்றாள். இங்கேயே, நம் கண் முன்னால், ஒவ்வொரு சாமானையும் அதனதன் அட்டைப்பெட்டியிலிருந்து பிரித்து மாட்டட்டும் என்றாள். மாட்டினார்கள். கடைசியில் துணியைப் பிரித்து எங்கள் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தாள். திரையில் அவளுடைய தமிழ் வந்தது. பாதியில் நின்ற பக்கம் அப்படியே நின்றது. அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"இனி கொண்டுபோகலாமல்லோ?" என்றார் கடைக்காரர்.

"உச்சி கழியட்டும். ஏசியை அணைங்க."

அணைத்தார்கள், நம்பினால் நம்புங்கள். பெட்டியின் விலாவில் கை வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல, மூன்று மணிவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. கடைசியில் அவரே எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார்.

இறங்கும்போது பெட்டியைத் தோளில் ஏற்றினேன். டிவி மாதிரிக் கனமான பழைய மானிட்டர் வீட்டில் நன்றாகவே இருந்ததால் இது ஒன்றுதான் சுமை. மகள் ஆட்டோ பிடிக்கலாம் என்றாள். ஆட்டோ குலுக்கும், என் தோள் குலுக்காது என்றேன். சாலை முக்கில் சுமட்டுத் தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள், எனக்குப் பின்னால் வந்தவர்கள்.

"அண்ணாச்சி, ரிட்டயர் ஆன ஆள் சுமடு எடுக்கான் கூடாது. யூனியன் கார்டு உண்டோ?"

"எனக்க கார்டை ஒங்கப்பன்ட்ட கேளு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன்.

அன்றே கூரையில் வேறு ஓடு போட்டேன். தகரத்தையும் மாட்ட விட்டேன். வெள்ளிக்கிழமை எல்லாப் பக்கமும் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போயிற்று. அதைப் பார்த்து அச்சாபீஸ்காரர் இன்னும் மூன்று நாள் கொடுத்தார்.

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை மருமகனின் அண்ணன் வந்தான். முன்னறையில் கால் வைத்ததும் தட்டுகிற சத்தம் அவனை நிறுத்தியது. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இரிங்க பெரியத்தான். இந்தப் பக்கம் முடிஞ்சதும் பேசுவோம்."

உட்கார்ந்தான். அந்தப் பக்கம் முடிந்தது. அவள் அடுத்த பக்கத்தை எடுத்தாள். அதுவும் முடிந்தது, அடுத்ததை எடுத்தாள். நான் பெட்டியின் விலாவில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. அவன் எந்தப் பக்கத்தில் எழுந்து போனான் என்பதை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.