எறிவதற்கென்றே ஓர் ஆட்டம்

இன்று எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசைக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. பேஸ்பால் சட்டைகள். பிரிண்டிங் வாசம்கூடப் போகவில்லை. பார்த்ததும் எனக்கு நெஞ்செலும்பில் சுருக்கென்றது. பயப்படாதீர்கள், மாரடைப்பு இல்லை. பழனிச்சாமி ஞாபகம்.

மங்கலம் பள்ளியில் அவனும் நானும் ஒரே பெஞ்ச். அவன் அப்பா தறி ஓட்டினார். பள்ளியில் கபடி, வாலிபால், ஈட்டி என்று எல்லா அணியிலும் அவன்தான். ஒருமுறை கபடி பாடிக்கொண்டிருந்தவனை மைக்கில் ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிட, மூச்சு விடாமலே போய்க் கோட்டில் நின்றான். எனக்குத் தண்ணீர்க்குட இலாகா.

கிரிக்கெட் மட்டும் அவனுக்கு ஒத்துவரவில்லை. முழங்கை மடங்கும், போடுவதெல்லாம் நோ-பால். ஓவர் முடிவேனா என்றது. கை நீட்டி ஓய்ந்த அம்பயர், "தம்பி, போதுமுங்க" என்று கும்பிட்டார்.

பி.டி. சார் மட்டும் சந்தோஷமாக இருந்தார். "கண்ணு, எறியறதுக்குன்னே ஒரு ஆட்டம் இருக்குது!"

பேஸ்பால் விதிகள் சாருக்கே பாதிதான் தெரியும். பழனி எறிவதைப் பின்னால் உட்கார்ந்து பிடிக்க ஒருவன் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் நழுவிவிட்டதால், நான். மார்புக் கவசம் கிடையாது. அம்மா வேலைசெய்த கம்பெனியிலிருந்து பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்து நெஞ்சில் மூட்டையாகக் கட்டிக்கொண்டேன்.

மாவட்ட இறுதிப் போட்டி வந்தது. ஜெயித்தால் பழனி மாநிலத் தேர்வுக்குப் போகலாம். தோற்றால் மறுநாளே தறிக்கு வந்துவிட வேண்டும் என்பது அவன் அப்பாவின் தீர்ப்பு. எதிரணியின் கடைசி ஆள் இருமுறை மட்டையைச் சுழற்றித் தவறவிட்டான். மூன்றாவதையும் அவன் விட்டு, நான் பிடித்தால் போதும். பழனி எறிந்தான். மட்டை காற்றில் போனது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பந்து மூட்டையில் மோதி எகிறி, என் கையுறைக்குள் விழுந்தது.

"புடிச்சிட்டயாடா!" என்று ஓடிவந்தார் சார்.

"இல்லீங்க சார், அதுவா வந்து உளுந்துச்சுங்க."

மாநில அணி, தேசிய அணி என்று போனவனை வெளிநாட்டு அணியொன்று சம்பளத்துக்கே எடுத்துக்கொண்டது. அவன் அப்பா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்த ஊர்ல பந்தெறியக்கூட ஆளில்லையா?" விமான நிலையத்தில் முதலில் அழுததும் அவர்தான்.

ஆறு வருடம் எறிந்தான். பிறகு தோள்பட்டையில் இரண்டு ஆபரேஷன். இப்போது அங்கேயே பயிற்சியாளர்.

போன மாதம் வந்திருந்தான். இருவரும் பள்ளிக்குப் போனோம். மைதானம் இல்லை. பாதியில் கட்டடம், மீதியில் பள்ளி பஸ்கள். மதிலோர மாமரத்தில் ஒற்றைக் காய் தொங்கியது.

"ஒண்ணு வுடுடா பாக்கலாம்" என்றேன்.

கல்லை எடுத்தான். கை தோளுக்கு மேலே எழவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு அக்கம்பக்கம் பார்த்தான்.

"ஏணி எங்காச்சும் கெடைக்குமாடா?"