டியூப் பையில் வந்த தாலி

எழுபதுகளின் பிற்பகுதியில் இலங்கை மலைநாட்டில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அக்கரையிலிருந்த ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு இக்கரையில். பஸ்ஸில் போனால் நீர்த்தேக்கத்தைச் சுற்றி வளைத்து, மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் மீன் பிடிக்கும் சிங்களவர் ஒருவரின் வள்ளத்தில் போய்வந்தேன். முன்னால் உட்கார்ந்து நானும் ஒரு துடுப்பு போட வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் பேச்சு.

துடுப்பு போடுகிறவனின் மடி காய்ந்திருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. முதல் மாதத்திலேயே தீப்பெட்டி கூழாகிவிட்டது. பேனா மை சட்டையெல்லாம் பரவியது. அட்டன் பஜாரில் டயர் ஒட்டும் கடையில் வேலை செய்த என் அண்ணன் அந்தச் சட்டையைப் பார்த்து நன்றாகச் சிரித்தான். அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது லொறி டியூப் துண்டில் செய்த ஒரு இடுப்புப் பையைக் கொண்டுவந்தான். மூன்று பக்கமும் ஒட்டியிருந்தான். மேல் வாயை மட்டும் மடித்துச் சுருட்டி ரப்பர் பட்டியால் இறுக்க வேண்டும். என் சுபாவம் தெரிந்தவனாதலால் உள்ளே குறுக்காக ஒட்டி மூன்று அறை வைத்திருந்தான். இடது அறையில் கைக்கடிகாரம், நடுவில் தீப்பெட்டி, வலது அறையில் பேனா. அந்த நாட்களில் ஒருமுறைகூட நான் அதை மாற்றியதில்லை.

அக்கரையில் இறங்கியதும் கரைக் கல்லில் உட்கார்ந்து பையைத் திறந்து, கடிகாரத்தை முதலில் எடுத்துக் கட்டுவேன். அந்தக் கல்லுக்கு மேலேதான் பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அங்கே விட்டுப்போவார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவரின் மகள், நான் பை திறப்பதையும் தினமும் பார்த்திருக்கிறாள். எங்கள் கல்யாணம் பேசி முடிவானபோதுதான் அது எனக்குத் தெரியவந்தது.

கல்யாணம் வைகாசிக் கடைசியில், பெண்ணின் வீடு இருந்த லயத்துக்குப் பக்கத்துக் கோயிலில். அம்மாவும் மற்றப் பெண்களும் முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். தட்டார் தாமதமாகக் கொடுத்த தாலியை வாங்கிக்கொண்டு அண்ணன் வர, நாங்கள் இருவரும் காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. விடிந்தபோது மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டுக் கிடந்தது. வள்ளம்தான் வழி.

தாலியை மெழுகுத் தாளில் சுற்றி வலது அறையிலும் சூடத்தைத் தீப்பெட்டியோடு நடுவிலும் வைத்தேன். கடிகாரத்தை வைக்கப் போனபோது, இன்றைக்காவது மாப்பிள்ளை மாதிரி இரு என்று அண்ணன் அதைப் பிடுங்கி என் கையில் கட்டிவிட்டான். தாலியை மாப்பிள்ளை சுமப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. பையை அவன்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அவனுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பார்த்த பயத்தில், சுருட்டிய வாயை டியூப் ஒட்டும் சொலுசன் பூசி ஒட்டிவிட்டான். நான் தடுத்தும் கேட்கவில்லை.

"கட்டு அவுந்துரும்டா தம்பி. ஒட்டு அவுராது."

அக்கரைக்குக் கிட்டப் போன நேரத்தில் காற்று திரும்பியது. அண்ணன் பயந்து எழுந்து நிற்க, வள்ளம் சரிந்து மூன்று பேரும் தண்ணீருக்குள் விழுந்தோம். நெஞ்சளவு ஆழம்தான், ஆனால் அண்ணன் காலூன்றுவதற்குள் இரண்டு முறை முங்கினான். வள்ளக்காரர்தான் அவன் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். பையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அந்த ஒட்டு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கோயிலில் பூசாரி தாலியைக் கேட்டபோதுதான் அடுத்த சங்கடம். வாய் பிரியவில்லை. அண்ணன் நகத்தால் பார்த்தான், பல்லால் பார்த்தான். பாக்குவெட்டி வழுக்கியது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா, அதாவது பெண்ணின் அப்பா, வீட்டுக்குப் போய்த் தன் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்தார். பெண்ணின் அத்தை குறுக்கே நின்றார். தாலிக்குக் கிட்டவா கத்தியைக் கொண்டுபோவது, மஞ்சள் கயிறு அறுந்தால் என்ன சகுனம் என்று கேட்டார். மாமாவின் கை நின்றுவிட்டது. தேயிலைச் செடியை ஒரே வீச்சில் வெட்டுகிறவருக்கு, கண்ணுக்குத் தெரியாத கயிற்றின் மேல் கத்தி வைக்க மனம் வரவில்லை.

கயிறு எந்த அறையில் என்பது எனக்குத் தெரியும். ஆனால் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் சொல் வரவில்லை. என் பக்கத்தில் தலை குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்பா, எடது பக்கத்துல வெட்டுங்க. அவங்க வாட்ச் வைக்கிற எடம். வாட்ச் இன்னைக்குக் கையில கெடக்கு, அங்க ஒண்ணும் இருக்காது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினேன். மாமா கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, பையின் இடது ஓரத்தில் கத்தியை இறக்கினார். அந்த வெட்டு வழியே விரலை விட்டு, நடுவில் ஒட்டியிருந்த இரண்டு தடுப்பையும் பிய்த்து, மெழுகுத் தாளை எடுத்தார். கயிறு முழுசாக இருந்தது. மஞ்சள் தூளாகக் கையில் ஒட்டுமளவுக்குக் காய்ந்திருந்தது. சூடமும் முதல் குச்சியிலேயே பற்றியது.

அத்தை அதற்குள் சமாதானமாகிவிட்டார். "மாப்பிள்ளதான் நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிறாரு. தாலி நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். வேட்டி சொட்டச் சொட்டத்தான் தாலி கட்டினேன்.

கடிகாரம் அன்று தண்ணீரில் நின்றுபோனது. பிறகு ஓடவேயில்லை. வழக்கம்போல் பைக்குள் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும். கத்தி எங்கே இறங்கியிருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை. அண்ணனிடம் ஒருநாளும் அதற்காகக் கோபிக்கவில்லை. அன்று எங்களோடு நனைந்த வள்ளக்காரர், சாப்பிட்டுவிட்டு என்னையும் என் மனைவியையும் சாயங்காலம் இக்கரைக்கு ஏற்றிவந்தார். நான் துடுப்பைத் தொட அவர் விடவில்லை.

அண்ணன் அந்த வெட்டுக்கு முட்டை வடிவில் ஒரு சிவப்பு ஒட்டுப் போட்டு, தடுப்புகளையும் திரும்ப ஒட்டித் தந்தான். பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பையோடுதான் பள்ளிக்குப் போகிறேன். புதுக் கடிகாரம் வாங்கினேன், ஆனால் அதற்கு நடு அறைதான். இடது அறையில் காலையில் என் மனைவி வறுத்த கடலை வைத்துவிடுகிறாள். அக்கரையில் அதே கல்லில் உட்கார்ந்து முதலில் அதைத்தான் எடுக்கிறேன்.