கடலுக்குப் போகும் தண்ணீர்

திமிங்கலம் பார்க்க வேண்டும் என்று என் மனைவி முதன்முதலில் கேட்டது கல்யாணமான புதிதில். அவள் எங்கள் ஊர்ச் சர்ச்சில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். வருடம் தவறாமல் பைபிளில் வரும் யோனாவைப் பெரிய மீன் வயிற்றுக்குள் அனுப்பி, மூன்று நாள் கழித்து வெளியே எடுப்பாள். அவ்வளவு பெரிய உயிர் ஒன்றையும் கண்ணால் பார்க்காமல் பாடம் சொல்வது அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

நான் நீடாமங்கலம் பக்கத்து விவசாயி. எனக்கு எப்போதும் ஒரே சாக்குதான், தண்ணீர். ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், நாற்று விட வேண்டும். இன்றைக்கு நம் முறை, மடையை விட்டு நகர முடியாது. வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிக்க வேண்டும். இப்படியே பதினெட்டு வருடம் ஓட்டினேன். நடுவில் எத்தனையோ தடவை நாகப்பட்டினம் போய், கரையில் காலை நனைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறோம்.

போன தை மாதம் சம்பா அறுப்பு முடிந்த கையோடு அவளே ஏற்பாடு செய்துவிட்டாள். அவளுடைய தோழியின் தம்பி நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். "இந்தத் தடவையும் ஒண்ணும் பாக்கலன்னா, இனிமே கேக்கவே மாட்டேங்க" என்றாள். அவள் கேட்டுக் கேட்டு நச்சரிப்பது எனக்குப் பழகிவிட்டது. கேட்காமல் இருப்பாள் என்பதுதான் பயமாக இருந்தது.

விடிந்ததும் படகில் கிளம்பினோம். அரை மணி நேரத்துக்குள் நான், சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தேன். அவள் லைஃப் ஜாக்கெட்டும் தானுமாக முன்னால் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கரை மறைகிற தூரம் போயும் ஒன்றும் தட்டுப்படவில்லை.

"திமிங்கலம் நம்ம கையில இல்லக்கா. எப்பவாவது ஒண்ணு வரும்" என்றார் படகுக்காரர். அவள் தலையாட்டினாள். படகு திரும்பியது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கரையை நெருங்கும்போது, ஆறு வந்து விழும் இடத்தில் கடல் செம்மண் நிறமாக மாறியது. அந்த வருடம் மழை பின்தங்கிப் பெய்து, தையிலும் ஆறுகளில் தண்ணீர் ஓடியது. எனக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. விவசாயிகள் கூட்டத்தில் வருடா வருடம் பேசுகிற பேச்சு தானாக வந்தது.

"பாத்தீங்களா தம்பி, எல்லாம் வீணாக் கடலுக்குப் போவுது. ஒரு சொட்டு விடாம தேக்கி வைக்கணும்!"

அவர் இன்ஜினை நிறுத்தினார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"வீணா? இந்த வண்டல் தண்ணி வந்தாத்தான் மாமா மீன் கூடும். மீன் கூடுனாத்தான் ஓங்கில் வரும். செத்த நேரம் பேசாம இருங்க."

ஓங்கில் என்றால் டால்பின். நான் வாயை மூடிய சற்று நேரத்தில், கலங்கல் தண்ணீரும் நீலத் தண்ணீரும் சேரும் கோட்டில் சாம்பல் நிற முதுகு ஒன்று எழுந்தது. பிறகு இரண்டு. அப்புறம் ஒரு தாயும் குட்டியும், படகுக்குப் பக்கத்திலேயே. மூச்சு விடுகிற சத்தம் புஸ்ஸென்று கேட்டது. என் மனைவி என் முழங்காலை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அவை போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி வந்துடுச்சு, தண்ணி வந்துடுச்சுன்னு பதினெட்டு வருசமா என்னை வரவிடாமப் பண்ணீங்க. அந்தத் தண்ணிதாங்க இதுங்களக் கூட்டிக்கிட்டு வந்திருக்கு."

தண்ணீர் எட்டாமல் கடைமடை வயல் காய்கிற வருடத்தில் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும், அது மாறாது. ஆனால் அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்தபோது 'வீணாக' என்ற சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அதை விட்டுவிட்டு மீதியைப் பேசினேன்.

அந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "அடுத்த தையில திமிங்கலம் பாக்கப் போவமா?"

கேட்டுவிட்டாள். "போவோம்" என்றேன்.