தூங்கிப்போன விரல்

முடிவெட்டும் கடைக்காரருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். தலையில் வெட்டாத நேரத்திலும் அவர் கத்தரி வெறுங்காற்றில் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நாற்காலியிலேயே குறட்டை விட்டவர்கள் பலர். ஒருவர் தூங்கி எழுவதற்குள் முடி மறுபடி வளர்ந்துவிட, இன்னொரு தடவை வெட்டிக்கொண்டு போனாராம். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன.

கடைக்குப் பின்னறையில் குடித்தனம். நடுவில் ஒரு திரை மட்டும். திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் எடுத்துவிடும் கேலியைக் கேட்பதற்கென்றே முடி இல்லாதவர்களும் கடைக்கு வந்தார்கள். அப்படி ஒருவர், ஸ்டைலாக வெட்டவில்லை என்று முனகிவிட்டார்.

“இருக்கிற நாலு முடியையும் பேரு சொல்லிக் கூப்பிடலாம். அதுக்கு ஸ்டைல் வேறயாண்ணே?” என்றது திரை.

அந்த வாயைத்தான் நோய் முதலில் பிடித்தது. நரம்பு தளரும் நோய். நாக்கு குழறிப் பேச்சு நின்றது, பிறகு கால் நின்றது. கடைசியில் கண்ணையும் இரண்டு கட்டைவிரல்களையும் மட்டும் அசைக்க முடிந்தது. பகலில் கண்ணாலேயே வைதாள், சிரித்தாள், கடையில் யார் என்று விசாரித்தாள். விளக்கை அணைத்த பிறகு கண் எதற்கு ஆகும்? அதனால் இருவரும் ஒரு பாஷை வைத்துக்கொண்டார்கள். அவர் தன் வலது கையை வளைத்து, அவள் கையைக் கூட்டுக்குள் வைத்ததுபோல் வைத்துக்கொண்டு தூங்குவார். அவள் கட்டைவிரலால் அவர் ஆள்காட்டி விரலை ஒருமுறை அழுத்தினால் தண்ணீர். இரண்டுமுறை என்றால் திருப்பிப் படுக்க வை. மூன்றுமுறை என்றால் குறட்டையை நிறுத்து.

அப்புறம் அவருடைய அந்த விரலே தூங்க ஆரம்பித்தது. கட்டைவிரலில் தொடங்கி நடுவிரல்வரை எறும்பு ஊறும், மரத்துப்போகும், கையை உதறினால் கொஞ்சம் தெளியும். கத்தரி இரண்டுமுறை கீழே விழுந்தது. அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தபோது அவள் உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. ராத்திரி தண்ணீர் கேட்டிருக்கிறாள், இவருக்குத் தெரியவில்லை. அவள் கண்ணால் வையக்கூட இல்லை. அன்றே கடையை அடைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, இதற்குக் கார்ப்பல் டனல் என்று பெயர் என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் கொஞ்ச வாரம் அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக்கூடாது.

“அப்போ அவள யாரு சார் தூக்குறது?” என்று கேட்டார் கடிகாரம்.

சரி, கத்தி வைக்காமல் பார்ப்போம் என்று பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மணிக்கட்டுக்குள் நரம்பு போகிற வழி குறுகலானது, மடக்கி வைத்தால் இன்னும் நெருக்கும். அதனால் தூங்கும்போது கை நேராக இருக்கும்படி உள்ளே தகடு வைத்த பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் கைக்கு ஓய்வு. நரம்பு இழுபடாமல் நகர்வதற்கு விரல் பயிற்சி. இதிலும் கேட்காவிட்டால் ஊசி.

எல்லாம் செய்தார். கண்ணாடி முன்னால் நின்று விரலை விரித்து மடக்கியதைப் பார்த்து, இந்த வயதில் நாட்டியமா என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். பட்டை மட்டும் ஒத்துவரவில்லை. கட்டினால் கை பலகைபோல் விறைத்து நின்றது, அவள் கை அதில் தங்காமல் நழுவியது. அவிழ்த்துவிட்டார். அதற்குப் பதில் பகலில், ஆள் வராத நேரமெல்லாம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எப்போது கட்டினால் என்ன, கட்டுவதுதானே கணக்கு என்று அவருக்கு ஒரு நியாயம். ராத்திரி போடுகிறீர்களா என்று அந்தப் பெண் கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டிவைத்தார்.

பிறகு ஊசி போட்டார்கள். விரல் விழித்துக்கொண்டது. அந்தச் சில வாரங்கள் அவள் ராத்திரி முழுக்க மூன்றுமுறை, மூன்றுமுறை என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். இவர் குறட்டையே விடவில்லை. பேச ஆள் கிடைத்துவிட்டதல்லவா.

ஊசியின் பலன் தேய்ந்தது. விரல் மறுபடி தூங்கியது.

இந்த இடத்தில் கூட்டிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு விடியலில் அவர் கண் விழித்தபோது அவள் கை குளிர்ந்திருந்தது. அவர் ஆள்காட்டி விரலில் நகத் தடங்கள், எத்தனை என்று எண்ண முடியாமல், ஒன்றன்மேல் ஒன்று. நீங்கள் விழித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அவர் அதைக் கேட்கவே இல்லை. விழித்திருந்திருக்கலாம் என்பது மட்டும்தான் அவருக்கு.

அதன்பிறகு ஒரு ராத்திரியும் தவறாமல் பட்டையைக் கட்டினார். அவிழ்க்கக் காரணமில்லை. அடுத்தமுறை போனபோது, இத்தனை நாள் ஏன் கட்டவில்லை என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார். அவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

“தலகாணிய ரெண்டு பேரும் கால்மாட்டுக்கு மாத்திப் போட்டிருந்தா, உங்க இடது கை அவங்க பக்கம் வந்திருக்குமே ஐயா.” சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வெகுநேரம் தன் இடது கையைப் பார்த்தார். “தோணலம்மா,” என்றார். “கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ அந்தப் பக்கந்தான்.”

மாதங்கள் போயின. கத்தரி பழையபடி காற்றில் ஓடியது. கடைசியாக ஒருமுறை சோதித்துவிடலாம் என்று அந்தப் பெண் அவரைக் கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். கட்டைவிரல், நடுவிரல் என்று தப்பாமல் சொன்னார். முழுக்கக் குணம்தான். இன்னும் ஆழமாகத் தெரிகிறதா என்று பார்க்க, பஞ்சை வைத்துவிட்டு அவர் ஆள்காட்டி விரலைத் தன் கட்டைவிரலால் அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். இன்னொருமுறையும்.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்:

“தூங்கலடி. முழிச்சுதான் இருக்கேன்.”