பள்ளத்தில் நாற்பத்து மூன்று பேர்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் விசில்காரர். மாமியாரே 'விசில் மாப்பிள்ளை' என்றுதான் விசாரிப்பார். ஏரிக்கரையில், யாரோ மண் அள்ளிவிட்டுப் போன பள்ளத்துக்கு எதிரே ஒரு நாற்காலி, ஒரு ரப்பர் டியூப், ஒரு விசில். பதினோரு வருடத்தில் அந்தப் பள்ளத்திலிருந்து பத்தொன்பது பேரை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். ஒருவர் வழுக்கை, அவரை மட்டும் காதைப் பிடித்து.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆராய்ச்சி மேடம் மடிக்கணினியோடு வந்தார். செல்போன்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டி, மக்கள் கூடும் இடத்தில் காவல் போடும் திட்டம்.

"படத்தைப் பாருங்க, டீக்கடை செக்கச்செவேல்னு இருக்கு. உங்க பள்ளத்துல ஈ காக்கா இல்லை. ஒண்ணாம் தேதியிலேர்ந்து டீக்கடையில உக்காருங்க."

"குளிக்க வர்றவங்க போனை டீக்கடையில குடுத்துட்டுத்தான் மேடம் தண்ணியில இறங்குறாங்க."

"அது டேட்டாவுல இல்லையே."

"போனோட குளிச்சாத்தானே இருக்கும்!"

மேடம் சிரித்தார். மறுநாள் உத்தரவு வந்தது.

விசில்காரருக்குச் சோறு இறங்கவில்லை. டீக்கடையில் ஒருவன் மூழ்க வேண்டுமென்றால் டம்ளரில்தான் மூழ்க வேண்டும். இங்கேயோ இருபதாவது ஆளுக்காகப் பள்ளம் வாயைப் பிளந்து காத்திருக்கிறது.

"அவங்களுக்குப் படம்தானே புரியும்? படத்தையே காட்டுங்களேன்," என்றாள் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டே.

டீக்கடை அவள் தம்பியுடையது. ஞாயிற்றுக்கிழமை குளிக்க வந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னதும் கரையே சிரித்தது, ஒருவர்கூட மறுக்கவில்லை. போன்களையெல்லாம் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவை டியூபில் கட்டி, கயிறு விட்டுப் பள்ளத்தின் நட்டநடுவே மிதக்கவிட்டார் விசில்காரர்.

"மாமா, மூழ்கிச்சுன்னா என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாங்க!" என்றான் டீக்கடை மச்சினன்.

"மூழ்கினா எடுக்கத்தானேடா எனக்குச் சம்பளம்?"

இரண்டு மணி நேரம் மிதந்தது.

செவ்வாய்க்கிழமை மேடம் போனில் மூச்சிரைத்தார். "பள்ளத்துல நாப்பத்தி மூணு பேருங்க! ரெண்டு மணி நேரம் அசையாம!"

பள்ளத்துக்குப் பாதுகாப்புக் கேட்டுப் பதினோரு வருடமாக அவர் எழுதிய கடிதங்களுக்கு அசையாத அலுவலகம் அந்த வாரமே அசைந்தது. டீக்கடை உத்தரவு ரத்து. பள்ளத்தைச் சுற்றி மிதவைக் கயிறு. இன்னொரு காவலாளி. கூடவே, அதே உறையில், விசில்காரருக்கு ஒரு மெமோவும்: நாற்பத்து மூன்று பேர் ஆபத்தில் நின்றபோது விசில் ஊதாதது ஏன்?

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்ன பதில் எழுதப் போறீங்க?"

அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்: 'நாற்பத்து மூவரும் நலமாகக் கரை சேர்ந்தனர். ஒருவருக்கு மட்டும் சார்ஜ் குறைவாக இருந்தது.'