புல்லுக்கு அடித்த முளைகள்

புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் அந்த நாளில் யாரும் நம்பமாட்டார்கள். நெல்லைத் தவிர மற்றதெல்லாம் களை என்று நினைக்கிற சீமை எங்கள் கீழத்தஞ்சை. வேதாரண்யம் சாலையை ஒட்டிய ஓர் ஊரின் மேய்ச்சல் புறம்போக்கில் மூன்று வருஷம் குனிந்தே கிடந்தேன். உப்பேறிய மண்ணில் அருகம்புல் எங்கே நின்றுபோகிறது, கோரை எங்கே தொடங்குகிறது என்பது என் கேள்வி. அதை வேறு யாரும் கேட்கவில்லை. முதுகுவலி மட்டும் இன்றும் இருக்கிறது.

மொத்தம் பன்னிரண்டு சதுரங்கள், ஒவ்வொன்றும் பத்தடிக்குப் பத்தடி. மூலைக்கு ஒரு முளை அடித்துச் சணல்கயிறு கட்டியிருந்தேன். மாடு உள்ளே நுழைந்தால் ஒரு பருவத்து வேலை வீண். ஊரில் ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு, "இது கவர்மெண்ட் வேலை, உள்ள வராதீங்க" என்று சொல்லிவிடுவேன். என் உதவித்தொகை அரசாங்கப் பணம்தானே என்று ஒரு சமாதானம். மாடுகள் வரவில்லை.

அங்கே புல்லறுக்க வரும் ஓர் அம்மாள் கயிற்றுக்கு வெளியே நின்று தினமும் பார்த்துவிட்டுப் போவார். அவரும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்கள். சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டதால், அறுவடை முடிந்ததும் காலி பண்ணச் சொல்லிவிட்டார் மிராசுதார். மேடைக்கு மேடை இலவச மனைப்பட்டா பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால், ஏழு சதுரங்களில் குடிசைகள். கயிற்றை விட்டு ஒரு விரற்கடைகூட வெளியே போகாமல் அளவாகக் கட்டியிருந்தார்கள்.

"நீங்கதானே சார் அளந்து போட்டீங்க, கவர்மெண்ட்டுன்னு! சண்டை வரக்கூடாதுன்னு சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுக்கிட்டோம்" என்றார் அந்த அம்மாள். உள்ளே உட்காரவைத்து நீராகாரம் கொடுத்தார். குடித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மிராசுதாரின் புகாரோடு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணமும் கூட வந்தார். "இந்த முளையை யார் அடிச்சது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சர்வே ஆபீஸ்ல அடிச்சிருந்தா ஃபைலைப் பாக்கணுங்க. அதுவரைக்கும் இவங்கள எழுப்ப முடியாது" என்றார் கர்ணம்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்திருந்தாலே போதும், அவர்களுக்கு ஒரு மாதமாவது கிடைத்திருக்கும். எனக்கோ முப்பது தாண்டிவிட்டது, பட்டம் இல்லை, வேலை இல்லை, மிச்சமிருப்பது ஐந்து சதுரங்கள்.

"என்னோடதுதான் சார். புல் ஆராய்ச்சிக்கு அடிச்சது" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் ஏழையும் பிரித்துவிட்டார்கள். அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். கீற்றை அடுக்கிக்கொண்டே, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மிஞ்சிய ஐந்து சதுரங்களை வைத்து ஆய்வேட்டை முடித்தேன். மற்ற ஏழுக்கும் ஒரே வரி: மனித இடையூறு காரணமாக விலக்கப்பட்டன. என் பேராசிரியர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை போடுகிறவர். அந்த வரியைப் படித்துவிட்டு, "இது சரியா இருக்கு" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.